பொய்யன் என்று சொன்னவர்

அன்புள்ள ஐயா,

என் அப்பா சென்ற மாசி மாதம் இறந்தார். வயது 59. காலையில் பால் வாங்கப் போனவர் கடை வாசலிலேயே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. முதலாண்டு நினைவு நாளுக்கு நானும் தம்பியும் ஒரு மலர் கொண்டுவருகிறோம். இதுவரை 40 பக்கங்களுக்கு அஞ்சலிக் குறிப்புகள் சேர்ந்திருக்கின்றன.

ஒரு சிக்கல். அப்பாவின் பால்ய நண்பர் ஒருவர் பதினாறாம் நாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "பொய்யன். பங்குனியில் இரண்டு பேரும் குற்றாலம் போகிறோம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டான். இனி இவனோடு எனக்குப் பேச்சில்லை" என்று எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டார். உறவினர்கள் முகம் சுளித்தார்கள். தம்பி அவரைக் கைப்பிடித்து வெளியே அழைத்துப் போய்விட்டான். அவர் மலருக்கு எழுதித் தந்த நான்கு பக்கங்களிலும் அப்பா சீட்டாடியது, கைமாற்று வாங்கியது எல்லாம் இருக்கிறது. தம்பி அதைச் சேர்க்கக் கூடாது என்கிறான். இறந்தவரின் குறைகளை எழுதலாமா? மலரின் அமைப்பு எப்படி இருக்க வேண்டும்? துயரத்திலிருந்து மீள எந்த நூலைப் படிக்கலாம்? மாதிரிக்குச் சில பக்கங்களையும் அவருடைய நான்கு பக்கங்களையும் இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

அமைப்பை அச்சகத்தில் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். நூல் எதையும் இப்போது தேட வேண்டாம். அழுகை வரும்போது அழுங்கள், பசித்தால் சாப்பிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கங்களை எல்லாம் படித்தேன். கோபம்தான் வந்தது. "பண்பின் சிகரம்", "எளிமையின் இலக்கணம்", "அனைவரிடமும் அன்பாகப் பழகியவர்." படத்தையும் பெயரையும் மாற்றிவிட்டால் இதே பக்கங்களை அடுத்த தெருவில் இறந்த இன்னொருவருக்கும் அச்சிட்டுவிடலாம். உங்கள் அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாத ஒரு வரியை அவற்றில் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. அந்த வரிகள் தம்பி வெளியே அனுப்பிய மனிதரின் நான்கு பக்கங்களில் இருக்கின்றன. உங்கள் அப்பா தேங்காய் உடைக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார் என்று அவர் எழுதியிருக்கிறார். சீட்டில் நல்ல கை வந்துவிட்டால் காது மடல் சிவந்துவிடும், அதனால் எப்போதும் தோற்பார் என்று எழுதியிருக்கிறார். க., உங்கள் அப்பாவை நான் பார்த்ததே இல்லை. அந்தக் காது மடலை இப்போது என்னால் பார்க்க முடிகிறது. இதையா குறை என்கிறீர்கள்? இதையா உங்கள் தம்பி கிழித்துப் போடப் போகிறார்?

பாரியைப் பற்றிப் பள்ளியில் என்ன படித்தோம்? முல்லைக்குத் தேர் கொடுத்தவன். அவனுக்கு ஒரு மலர் போட்டால் அட்டையில் தேர்தான் இருக்கும். மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டு அவன் இறந்த பிறகு, இரண்டு மகள்களும் அவனுடைய நண்பர் கபிலரும் மிஞ்சினார்கள். இவர்கள் பாடியவை புறநானூற்றில் இருக்கின்றன. மகள்களின் பாட்டு 112ஆவது. ஐந்தே அடி. அதில் தேர் இல்லை, வள்ளல் என்ற சொல்கூட இல்லை. சென்ற மாதம் இதே நிலவு இருந்தபோது எங்களுக்குத் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதம் இந்த நிலவில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான் அவர்களுக்குச் சொல்ல இருந்தது.

தேர் எங்கே வருகிறது என்று பாருங்கள். அந்தப் பெண்களைக் கரையேற்றக் கபிலர் ஒவ்வொரு சிற்றரசனின் வாசலாக ஏறி இறங்குகிறார். விச்சிக்கோனிடம் பாடிய 200ஆம் பாட்டில் தேர் வருகிறது. இருங்கோவேளிடம் பாடிய 201ஆம் பாட்டிலும் வருகிறது. பாரியை அறியாதவனுக்கு அவனை அறிமுகப்படுத்த, பெண் எடுக்கத் தயங்குகிறவனை ஒப்புக்கொள்ள வைக்க, அந்தப் புகழ் தேவைப்பட்டது. அதில் தவறில்லை. ஆனால் எல்லாம் முடிந்து, பெண்களைப் பார்ப்பனரிடம் ஒப்படைத்துவிட்டு, வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து, உயிர்விட உட்கார்ந்த இடத்தில் கபிலர் பாரியிடமே பேசுகிறார். அது 236ஆம் பாட்டு. அங்கே தேர் காணாமல் போய்விடுகிறது. குரங்கு கிழித்துத் தின்ற, முழவு போலப் பெருத்த பலாப்பழம் வருகிறது. மிச்சத்தைக் குறவர்கள் வைத்திருந்து உண்ணும் மலை வருகிறது. அடுத்து வருவது சண்டை. நாம் கலந்து பழகிய நட்புக்கு நீ தகுந்தவன் இல்லை, என்னை வெறுத்திருக்கிறாய், அதனால்தான் உன்னோடு வரவிடாமல் இங்கேயே இரு என்று சொல்லிவிட்டுப் போனாய் என்கிறார். வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புரந்தவனைப் பார்த்து, செத்துக் கிடக்கிறவனைப் பார்த்து, இப்படிச் சொல்கிறார். கடைசி அடிகளில், இந்தப் பிறவியில் இருந்ததுபோல மறுமையிலும் பிரியாமல் உன்னோடு இருக்க விதி கூட்டட்டும் என்று வேண்டுகிறார். திட்டியவர்தான் அதையும் கேட்கிறார்.

பதினாறாம் நாள் உங்கள் வீட்டுக்குக் கபிலர் வந்திருக்கிறார். கைப்பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டீர்கள்.

நோயில் கிடந்து போகிறவர்களோடு நண்பர்கள் கணக்கு முடித்துக்கொள்ள நாள் கிடைக்கிறது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பழைய மனத்தாங்கலைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பால் வாங்கப் போனவரோடு எதை முடிக்க முடியும்? குற்றாலப் பயணம் அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. அந்த மனிதர் டிக்கெட்கூட எடுத்து வைத்திருப்பார். கேட்டுப் பாருங்கள்.

இதை உங்களிடம் இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதே தவற்றை நானே ஒரு பெண்ணுக்குச் செய்திருக்கிறேன்.

திருச்சியில் தெப்பக்குளம் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். புரூஃப் பார்ப்பவர். அச்சுக் கோத்து அடித்த காலத்திலிருந்து அதே நாற்காலி. வரிக்குக் கீழே ஒரு மர அடிக்கோலை வைத்து நகர்த்திக்கொண்டே படிப்பார். என் கதைகளில் "மிகவும்" என்ற சொல்லைக் கண்டால் கேட்காமலே சிவப்பு மையில் அடித்துவிடுவார். 53 வயதில் ஒரு சித்திரை மாதம், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்த நிலையில் இறந்தார். கடைசி நிறுத்தத்தில் நடத்துநர் எழுப்பியபோதுதான் தெரிந்தது. பையில் என் நாவலின் புரூஃப் இருந்தது. 46 பக்கங்கள் திருத்தியிருந்தார். 47ஆம் பக்கத்தில் மூன்றாவது வரியில் "பறவை" என்பது "பரவை" என்று விழுந்திருந்தது. ரகரத்தின் மேல் கோடு இழுத்திருந்தார். ஓரத்தில் றகரம் எழுதவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று நான் தேடிக்கொண்டிருந்தது அந்தத் தாளைத்தான்.

அப்போது அவர் மகளுக்குப் பத்து வயது. கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் எனக்குத் தொலைபேசியில் பேசினாள். "மாமா, அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டாள். நான் "தங்கமான மனிதர் அம்மா" என்றேன். "அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்தக் குரலில் இருந்த களைப்பு எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. எழுத்தைத் தொழிலாகக் கொண்டவன், அவர் கையால் ஆயிரம் முறை அடிவாங்கியவன், அவருடைய மகளுக்கு ஒரு தேய்ந்த சொல்லைக் கொடுத்து அனுப்பினேன். அவர் இருந்திருந்தால் அந்தத் "தங்கமான"தை அடித்திருப்பார்.

நான்கு வருடங்கள் கழித்து அவளைத் தேடிக்கொண்டு போனேன். மாலை நாலரை மணிக்கு உட்கார்ந்தவன் இருட்டிய பிறகுதான் எழுந்தேன். நாங்கள் இருவரும் பல நாள் மாலையில் அச்சகத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து அம்மா மண்டபம் போவோம். காவிரியில் தண்ணீர் வரும் ஆடி, ஆவணியில் அவர் சட்டையை மடித்து அடிக்கோலை அதன்மேல் பாரமாக வைத்துவிட்டுப் படித்துறையிலிருந்து பாய்வார். மூச்சுப் பிடித்து வெகுதூரம் தள்ளிப் போய்த் தலைகாட்டுவார். எனக்கு அடிவயிறு கலங்கும். தலை காயும்வரை நின்றுவிட்டு, "வீட்டில் கேட்டால் புரூஃப் தாமதம் என்று சொல்" என்பார். ஒரு முறை இந்தப் பொய்யால் எங்களுக்குள் பெரிய சண்டை வந்து ஒன்றரை மாதம் பேசவில்லை. அதையும் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கு நீச்சல் தெரியுமா?" என்றாள். அவளைக் குழந்தையில் கிணற்றடிக்குக்கூட விடமாட்டாராம். வாளித் தண்ணீர் அருகே நின்றாலே பதறித் தூக்கிக்கொள்வாராம். அப்பாவுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்றே அத்தனை வருடமும் நினைத்திருக்கிறாள். வெகுநேரம் கழித்து, "எவ்வளவு தூரம் போவார் மாமா?" என்று மறுபடி கேட்டாள். நான் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

க., உங்களுக்குத் தெரிந்தது அப்பாவை மட்டும்தான். அந்த நண்பருக்குத் தெரிந்தவர் வேறொருவர், நீங்கள் பிறப்பதற்கு முன்பே காது சிவக்கச் சீட்டாடித் தோற்றவர். அவரை வைத்திருக்கும் ஒரே மனிதரும் அறுபதை ஒட்டிய வயதில்தான் இருப்பார். அவருக்கும் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். தம்பி மன்னிப்புக் கேட்கட்டும். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். கைமாற்று இன்னும் பாக்கி இருந்தால் அன்றே கொடுத்துவிடுங்கள், வாங்க மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அவருடைய நான்கு பக்கங்களை மலரின் தொடக்கத்தில் வையுங்கள். ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள், "பொய்யன்" உட்பட. மற்ற 40 பக்கங்களிலிருந்து, இடமிருந்தால், எதையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்குப் போவதற்கு முன்னால் புரூஃபை எனக்கு அனுப்புங்கள். இரண்டு நாளில் பார்த்துத் தருகிறேன்.