ஸ்டியரிங் லிங்க் முட்டுகிறதா? சர்வோவை மாற்றும் முன் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1/10 அளவு ரேடியோ கண்ட்ரோல் ராக் கிராலர் (பாறை ஏறும் மாதிரி வண்டி) இருக்கிறது. சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டார்) சேஸியில் பொருத்தப்பட்ட வகை. மேசைமேல் வைத்துத் திருப்பினால் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்புகிறது. பாறையில் ஒரு முன்சக்கரம் ஏறி நிற்கும்போது இடது பக்கம் ஒடித்தால் மட்டும் பாதியிலேயே நின்றுவிடுகிறது, சர்வோ முனகுகிறது. குனிந்து பார்த்தால், சர்வோவிலிருந்து நக்கிளுக்கு (சக்கரத்தைப் பிடித்து அதோடு திரும்பும் துண்டு) போகும் லிங்க், அதற்கு மேலே இருக்கும் பன்ஹார்ட் ராடில் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு) முட்டி நிற்கிறது. உதிரிபாகம் விற்பவரிடம் கேட்டேன். “சர்வோவுக்குப் பலம் போதவில்லை, 40 கிலோ சர்வோ போடுங்கள், கூடவே பித்தளை நக்கிளும் ஹை ஸ்டியர் கிட்டும் மாற்றிவிடுங்கள்” என்கிறார். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். மூன்றில் எதையும் இப்போது வாங்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது. மேசையில் திரும்புகிறது, பாறையில் திரும்பவில்லை, அதுவும் ஒரு பக்கம் மட்டும். இரும்பில் இரும்பு முட்டி நிற்பதை சர்வோவின் பலக்குறைவு என்று சொல்பவர் உங்கள் வண்டியைப் பார்க்கவில்லை, தன் அலமாரியைப் பார்த்துப் பேசுகிறார்.

பலமான சர்வோ போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கிலோ என்பது சர்வோ அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் கிடைக்கும் விசை. உங்கள் ஹார்ன், அதாவது சர்வோ அச்சில் மாட்டியிருக்கும் கை, 20 மி.மீ. நீளம் என்றால் லிங்க்கின் நுனியில் 20 கிலோ. அந்த 20 கிலோவும் முட்டி நிற்கும் இடத்தில் இறங்கும். லிங்க் நெளியும், இல்லையென்றால் அதன் முனையில் இருக்கும் ராட் எண்ட் என்ற உருண்டை மூட்டு பிய்யும், இரண்டும் தாங்கினால் சர்வோவின் பல்சக்கரம் போகும். நகர முடியாமல் நிற்கும் சர்வோ எக்கச்சக்கமாக மின்சாரம் இழுக்கும். பிஇசி (பேட்டரி வோல்டேஜைக் குறைத்து சர்வோவுக்கும் ரிசீவருக்கும் தரும் சர்க்யூட்) அதைத் தாங்காவிட்டால் ரிசீவர் அணைந்து அணைந்து எரியும், நீங்கள் அடுத்து ரிசீவரைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பீர்கள். இன்னொன்று, அந்த 40 கிலோ எந்த வோல்டேஜில் என்று கேளுங்கள். பெட்டியின் முன்பக்கம் பெரிதாக அச்சடித்திருக்கும் எண் பெரும்பாலும் அந்த சர்வோ தாங்கும் உச்ச வோல்டேஜுக்கானது. உங்கள் பிஇசி 6 வோல்ட் தருகிறது என்றால் அந்த எண் உங்களுக்குக் கிடைக்காது. இதைச் சொல்லாமல் விற்பது இந்த வியாபாரத்தில் சாதாரணமாகிவிட்டது. எனக்கு அது ஆறவே இல்லை.

இப்போது உண்மையான காரணத்துக்கு வருவோம். சர்வோ சேஸியில் இருக்கிறது, நக்கிள் ஆக்ஸிலில் (முன்சக்கரங்களைத் தாங்கும் அச்சு) இருக்கிறது. ஆக்ஸில் மேலும் கீழும் போகும்போது இடையில் இருக்கும் லிங்க் சாய்கிறது. பன்ஹார்ட் ராடும் அதேபோல ஒரு முனை சேஸியிலும் மறுமுனை ஆக்ஸிலிலும் பிடித்திருப்பது. இரண்டும் இணையாகவும் ஏறக்குறைய ஒரே நீளமாகவும் இருந்தால், ஆக்ஸில் எங்கே போனாலும் சேர்ந்தே சாயும், நடுவில் உள்ள இடைவெளி பெரிதாக மாறாது. வண்டி அமுங்கும்போது சக்கரம் தானாகத் திரும்பும் பம்ப் ஸ்டியர் என்ற தொல்லை வராமல் இருப்பதும் இதே இணைநிலையால்தான். ஆகவே வண்டியை நேராக வைத்து, முன்னால் இருந்து கண் மட்டத்தில் பாருங்கள். இரண்டு தண்டும் இணையாகத் தெரியவில்லை என்றால் குற்றவாளிகளில் ஒன்று அங்கேயே அகப்பட்டுவிட்டது.

ஆனால் ஒரு பக்கம் மட்டும் முட்டுகிறது என்றீர்களே, அதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஹார்னை. ஹார்ன் கீழ்நோக்கித் தொங்கும்படி மாட்டியிருப்பீர்கள். அது வட்டத்தில் சுழல்வதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் நுனி மேலே ஏறும். 20 மி.மீ. ஹார்ன் நேர்செங்குத்தில் தொடங்கி 45 டிகிரி திரும்பினால் நுனி சுமார் 6 மி.மீ. ஏறுகிறது, இரண்டு பக்கமும் சமமாக. இப்போது ஹார்னை, பல் வெட்டிய சர்வோ அச்சில் ஒரு பல் தள்ளி மாட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். 25 பல் சர்வோவில் ஒரு பல் என்பது 14.4 டிகிரி. அதே 45 டிகிரி திருப்பத்தில் ஒரு பக்கம் நுனி ஏறக்குறைய 10 மி.மீ. உயரத்துக்குப் போய்விடும், மறுபக்கம் 3 மி.மீ.கூட எட்டாது. மேலே பன்ஹார்ட் ராட் இருக்கிறது. எந்தப் பக்கம் முட்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்தத் தவறு எப்படி வருகிறது தெரியுமா? ஹார்னை எப்படியோ மாட்டிவிட்டு, சக்கரம் நேராக நிற்கும்வரை ரிமோட்டில் டிரிம் பட்டனைத் தட்டிக்கொண்டே போவது. வாங்கும்போதே ஓடத் தயாராக வரும் வண்டிகளிலும் இதைப் பார்க்கலாம். சரியான வரிசை வேறு. ரிமோட்டில் சர்வோவின் நடுநிலையை நகர்த்தும் டிரிம், சப் டிரிம் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். மோட்டார் வயரைப் பிடுங்கிவிட்டு வண்டியை ஆன் செய்யுங்கள். சர்வோ தன் நடுவில் நிற்கும். ஹார்னைக் கழற்றி, லிங்க்குக்குச் செங்குத்தாக எந்தப் பல் மிக நெருக்கமாக வருகிறதோ அதில் மாட்டுங்கள். மிச்சமிருக்கும் சில டிகிரியை மட்டும் சப் டிரிமில் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் சக்கரம் நேராக இல்லையென்றால் லிங்க்கின் நீளத்தைத்தான் மாற்ற வேண்டும், ராட் எண்டைத் திருகி. சக்கரத்துக்காக ஹார்னைத் தொடக்கூடாது.

ஹார்ன் சரியானதும் சோதனை. இதை ஸ்பிரிங் மாட்டியபடி கையால் அமுக்கிச் செய்தால் பயனில்லை, கடைசி சில மில்லிமீட்டர் அமுங்காது. முன்பக்க இரண்டு ஷாக்கிலிருந்தும் ஸ்பிரிங்கை மட்டும் எடுங்கள். ஷாக் அப்படியே மாட்டியிருக்கட்டும். அதையும் கழற்றிவிட்டால் ஆக்ஸில் நிஜத்தில் போகவே முடியாத இடத்துக்கெல்லாம் போய் முட்டும், நீங்கள் இல்லாத நோய்க்கு மருந்து தேடுவீர்கள். பன்ஹார்ட் ராடின் அடியில் மார்க்கர் பேனாவால் பட்டையாக மை பூசுங்கள். முதலில் ஆக்ஸிலை முழுதாக அமுக்கி இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். பிறகு இடது சக்கரம் மேலே, வலது கீழே. பிறகு அதற்கு நேர்மாறாக. கடைசியில் இரண்டும் தொங்கவிட்டு. சர்வோ முனகத் தொடங்கினால் அந்தக் கணமே கையை எடுங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அதுதான் உங்கள் இடம். சேஸியின் ஓரம், ஷாக்கின் அடிமுனை, முன் டிரைவ்ஷாஃப்ட், இவையும் லிங்க்கைத் தொடக்கூடியவை, ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மை அழிந்தது சர்வோ பக்கத்திலா நக்கிள் பக்கத்திலா என்பதைப் பொறுத்து, அந்த முனையில் ராட் எண்டை 1 முதல் 3 மி.மீ. நகர்த்தினால் பெரும்பாலான வண்டிகளில் விவகாரம் முடிந்துவிடும். பன்ஹார்ட் ராட் மேலே இருக்கிறது என்றால் லிங்க்கைக் கீழே இறக்குங்கள். நக்கிளின் மேல் உட்கார்ந்திருக்கும் ராட் எண்டை அடிப்பக்கம் மாற்றுவது ஒரு வழி. முட்டுவது முன்பின்னாக என்றால் ஹார்னுக்கும் ராட் எண்டுக்கும் நடுவில் எம்3 (3 மி.மீ. ஸ்க்ரூவில் கோக்கும்) அலுமினிய ஸ்பேசர் ஒன்று. ஒரு முனையைக் கீழே இறக்கினால் மறுமுனையையும் அதே அளவு இறக்குங்கள், இல்லையென்றால் இணைநிலை கெட்டுவிடும். ஸ்பேசரை 5 மி.மீ.க்கு மேல் அடுக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிற்கும் எம்3 ஸ்க்ரூ அந்த நீளத்தில் வளையத் தொடங்கும். நீளமான ஸ்க்ரூ போட்டதும் அதன் நுனி வீல் ரிம்மின் உட்புறத்தில் உரசுகிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். மிக மோசமான நிலையிலும் 2 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். பிளாஸ்டிக் ராட் எண்டில் ஆட்டம் இருக்கும், லிங்க்கும் சுமையில் சற்று வளையும்.

ஹை ஸ்டியர் கிட்டை ஏன் வேண்டாம் என்றேன்? அது நக்கிள் முனையை மட்டும் உயர்த்துகிறது. இரண்டு நக்கிளையும் இணைக்கும் டை ராட் பாறையில் அடிபடுவதைக் குறைக்க அது நல்ல பொருள், மறுக்கவில்லை. உங்கள் லிங்க் ஏற்கனவே மேலே முட்டுகிறது, அதை இன்னும் மேலே ஏற்றி என்ன பயன்? பித்தளை நக்கிளோ எடையைக் கீழே கொண்டுவருவதற்கு. இடைவெளிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அடுத்து உங்களிடம் வளைந்த லிங்க் விற்க வருவார்கள். நடுவில் வளைத்திருந்தால் தடை இருக்கும் இடத்தில் ஒதுங்கிப் போகும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு முனையிலும் இருப்பது உருண்டை மூட்டு. தண்டு தன்னைத்தானே உருட்டிக்கொள்ள எதுவும் தடையில்லை. நீங்கள் கீழ்நோக்கி வைத்த வளைவு, ஒரு தள்ளு விழுந்ததும் முன்பக்கமோ மேல்பக்கமோ புரண்டு, முன்பைவிட மோசமாகப் போய் முட்டும். நேரான தண்டால் தீர்வே இல்லை என்றால் மட்டும் வளைந்ததைப் போடுங்கள். அப்போதும் இரண்டு ராட் எண்டின் முகமும் ஒரே தளத்தில் நிற்கும்படி திருகி, அதிகம் புரளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு விதிவிலக்கை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்டுவிட்டு வேறு வகை வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்பேசர் வாங்கப் போவார்கள். சர்வோ ஆக்ஸிலின் மேலேயே உட்கார்ந்திருக்கும் வண்டி என்றால் மேலே சொன்னதில் பெரும்பகுதி பொருந்தாது. அங்கே சர்வோவும் நக்கிளும் ஒரே ஆக்ஸிலில் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. ஆகவே சர்வோவிலிருந்து நக்கிளுக்குப் போகும் அந்த லிங்க் (டிராக் லிங்க்) சாய்வதே இல்லை, அதனால் பன்ஹார்ட் ராடும் அந்த வண்டிகளுக்குப் பொதுவாகத் தேவைப்படுவதில்லை, பம்ப் ஸ்டியரும் கிடையாது. டிராக் லிங்க் டிஃப் கவரில் (ஆக்ஸிலின் பல்சக்கரப் பெட்டி மூடி) முட்டினால் மேசைமேலேயே முட்டும், எல்லா நிலையிலும் ஒரே மாதிரி. ஆனால் ஆக்ஸிலுக்குப் பின்னால் ஓடும் டை ராட் இருந்தால் அது மட்டும் கீழ் சஸ்பென்ஷன் லிங்க்கோடு மோதலாம், காரணம் அந்த லிங்க் சேஸியோடு இணைந்தது, ஆக்ஸில் அசையும்போது கோணம் மாறும். அதற்கு மேலே சொன்ன ஸ்பிரிங் சோதனை அப்படியே பொருந்தும். அது தவிர, அந்த வண்டிகளில் சர்வோவும் ஆக்ஸிலோடு எழும்புவதால், முழுதாக அமுங்கும்போது லிங்க்குக்கு முன்பே சர்வோ சேஸியில் இடிக்கலாம். இடிப்பது எது என்று தெரியாமல் லிங்க்கை மாற்றிக்கொண்டு இருக்காதீர்கள்.

இவ்வளவையும் வண்டியோடு வரும் கையேடு சொல்லியிருக்க வேண்டும். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையில் என்று படம் படமாகப் போடுகிறார்கள், முழுதாக அமுங்கும்போது லிங்க்குக்கு எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்க வேண்டும் என்று ஒரு வரி தேடினாலும் கிடைப்பதில்லை. உதிரி லிங்க்கை எடுத்தால், குழாயின் நீளத்தைச் சொல்வார்கள். நமக்கு வேண்டியது ராட் எண்டோடு சேர்த்து ஓட்டைக்கு ஓட்டை உள்ள தூரம். பழுதானதை வண்டியில் மாட்டியிருக்கும்போதே அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரேயொரு ராட் எண்ட் கேட்டால் முழு செட்டைத் திணிப்பவரிடமும், ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்பவரிடமும் வாங்காதீர்கள்.

ரிமோட்டில் எண்ட் பாயிண்டை (சர்வோ திரும்பும் எல்லை) குறைத்தால் முனகல் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். நிற்கும்தான். ஆனால் முட்டும் இடத்துக்கு முன்பே திருப்பத்தை வெட்டிவிடுகிறீர்கள், சமதரையிலும் வண்டி இடப்பக்கம் அகலமாகவே திரும்பும். அது கடைசி வேலை. இடைவெளி கிடைத்த பிறகு, நக்கிள் தன் தடுப்பில் மெல்லத் தொடும் இடத்தில் எண்ட் பாயிண்டை நிறுத்துங்கள், இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக.

உலோகத்தில் இறங்கும் ஸ்க்ரூக்களுக்கு மட்டும் நீல நிற த்ரெட் லாக்கர் ஒரு துளி. பிளாஸ்டிக் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள், சில வகைப் பிளாஸ்டிக் அதில் விரிசல் விடும். ஸ்பிரிங்கை மாட்டி, மையை மறுபடி பூசி, பாறையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். அப்போதும் முழுதாக அமுங்கும்போது மட்டும் லேசாக அழிந்திருந்தால், சிலிகான் குழாயில் 2 அல்லது 3 மி.மீ. துண்டு வெட்டி, ஷாக்கின் வெளியே தெரியும் தண்டில் போட்டுவிடுங்கள். ஆக்ஸில் அவ்வளவு தூரம் ஏறாது.