வேலூர் பக்கம் யாரும் கேட்காத மேட்டுக் கொல்லையை ஆபத்துக்கு உதவும் என்று வாங்கிப் போடலாமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: கையில் ஏழெட்டு லட்சம் இருக்கிறது. அணைக்கட்டு, குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் தண்ணீர் இல்லாத மேட்டு நிலம் மலிவாக வருகிறது. வேலை போனாலோ வீட்டில் பெரிய செலவு வந்தாலோ கைகொடுக்கும் என்று வாங்கி வைக்கலாமா?

வாங்கலாம். ஆனால் அந்த நிலம் மலிவாக இருப்பதற்கான காரணம் மண்ணில் இருக்க வேண்டும். பத்திரத்திலோ பாதையிலோ இருக்கக் கூடாது. பாறை, தண்ணீர் இல்லை, வேலிகாத்தான் (சீமைக் கருவேலம்) மண்டிக் கிடக்கிறது, பக்கத்தில் சுடுகாடு, பஸ் போகாத ஊர் என்பதெல்லாம் விலையைக் குறைக்கும். உங்கள் உரிமையைக் குறைக்காது. கூட்டுப் பட்டா, பாகம் பிரியாத சொத்து, நடக்கிற வழக்கு, வழியில்லாத நிலம் ஆகியவை விற்கப் போகும் நாளில்தான் முழுதாகக் கடிக்கும். அவசரத்துக்கு விற்பவரிடம் வாங்க வருகிறவர் முதலில் தேடுவதும் இவற்றைத்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிலம் ஒரு வாரத்தில் பணமாகாது. நல்ல காகிதம் உள்ள ஒரு ஏக்கர் கொல்லைக்கும் ஆள் கிடைத்து, பேசி, பதிவு முடிய மாதக்கணக்கில் ஆகும். அவசரம் என்று தெரிந்துவிட்டால் ஊரில் விலையை இறக்கித்தான் கேட்பார்கள். அதனால் ஆறு மாதக் குடும்பச் செலவு வங்கி வைப்பிலோ நகையாகவோ முதலில் இருக்கட்டும். நகையை அன்றைக்கே அடகு வைத்துவிடலாம். நிலம் அதற்கு அடுத்த கட்டம். கையிருப்பு மொத்தமே ஏழெட்டு லட்சம்தான் என்றால் பாதிக்கு மேல் நிலத்தில் போடாதீர்கள். ஐந்து ஏக்கர் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்படவும் வேண்டாம். தனிப் பட்டாவோடு ஐம்பது சென்ட் முதல் ஒரு ஏக்கர் வரை உள்ள துண்டை வாங்க நிறையப் பேரால் முடியும், அதனால் அதுதான் சீக்கிரம் விலைபோகும். அதே சமயம் விவசாய நிலத்தில் கல் நட்டு, பாதை விட்டு, ஐந்து சென்ட் பத்து சென்ட் மனையாக விற்கிறார்களே, அங்கீகாரம் இல்லாத அந்த மனைகள் வேண்டவே வேண்டாம். அவற்றைப் பத்திரம் பதிய விடாமல் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு குறுக்கே நிற்கும்.

இனி காகிதம். இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

புல எண் (சர்வே நம்பர்) தெரிந்ததும் அரசின் இணைய சேவையில் பட்டா, 'அ' பதிவேடு (நிலத்தின் வகையும் உரிமையாளரும் எழுதிய கிராமக் கணக்கு), புலப்படம் (எல்லை வரைந்த நிலப்படம்) மூன்றையும் எடுங்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 1 ஏர் என்பது 2.47 சென்ட். 0.40.50, அதாவது 40.5 ஏர் என்று போட்டிருந்தால் ஒரு ஏக்கர். பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட், பட்டாவில் 0.40.50 என்றால் அந்த 20 சென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அது பக்கத்துக் கொல்லையிலோ ஓடையிலோ போயிருக்கும், அல்லது தொடக்கத்திலிருந்தே இருந்திருக்காது.

1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், பெயர் மாறி ஏறியதும் பரப்பு கூடிக் குறைந்ததும் எல்லாத் தாலுகாவிலும் உண்டு. ஆகவே பட்டா மட்டும் உரிமைக்குச் சான்றாகாது, கிரயப் பத்திரத் தொடர் வேண்டும். அந்தத் தொடரில் யு.டி.ஆருக்கு முந்தைய பழைய புல எண் வரும். அது இப்போதைய எந்த எண் என்பதைத் தாலுகா அலுவலகப் பதிவேட்டில் ஒத்துப் பார்த்தாக வேண்டும்.

நிலத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றையும் காட்டுவது வில்லங்கச் சான்று. அதைப் போடும்போது பலர் செய்கிற தவறு, விற்பவர் சொன்ன உட்பிரிவு எண்ணுக்கு மட்டும் போடுவது. 112/3பி என்று கேட்டால் 112/3பி மட்டும்தான் வரும். அது 112/3 ஆக இருந்த காலத்தில் வைத்த அடமானமும் எழுதிய பாகப்பிரிவினையும் வராமல் போகலாம். தாய் எண், அதன் உட்பிரிவுகள், பழைய எண் எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள். 1975-க்குப் பிந்தையதைப் பெரும்பாலும் இணையத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்க வேண்டும். அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவகத்தில் இருந்திருந்தால் அங்கேயும் தேட வேண்டும். இத்தனையும் சுத்தமாக வந்தாலும் அசல் பத்திரங்களைக் கையில் வாங்கிப் பாருங்கள். பத்திரத்தை ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கைமாற்று வாங்கியிருந்தால் அது பதிவில் ஏறாது. அசல் தொலைந்துவிட்டது என்றால், எந்த நாளில், யாரிடம், எதற்காகக் கொடுத்தார் என்று துருவிக் கேளுங்கள்.

பூர்வீகச் சொத்து என்றால் வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். "பொண்ணுங்களுக்கு அப்பவே சீர் செஞ்சு அனுப்பியாச்சு" என்பதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 1989-லிருந்து அன்றைக்குத் திருமணமாகாதிருந்த பெண்களுக்கும், 2005 மத்தியச் சட்டத் திருத்தத்தால் எல்லாப் பெண்களுக்கும் பங்கு உண்டு. 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாங்க வேண்டாம். அந்தப் பிள்ளை மேஜரான பிறகு மூன்று வருடத்துக்குள் கிரயத்தை எதிர்த்து வழக்குப் போடலாம். பவர் வைத்திருப்பவர் விற்றால், பவர் கொடுத்தவரைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இந்தப் பக்கத்தில் மிக மலிவாக வரும் நிலங்களில் சில, விற்கவே கூடாதவை. பஞ்சமி நிலம் அதில் முதலாவது. செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-லிருந்து பட்டியல் சாதி மக்களுக்கென்று ஒப்படைக்கப்பட்டது அது. பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அந்தச் சமூகத்தாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. யு.டி.ஆரில் அந்தக் குறிப்பு விடுபட்டு, சாதாரணப் பட்டா போலவே வந்த நிலங்கள் உண்டு. அதனால் பழைய 'அ' பதிவேட்டைப் பார்த்தே ஆக வேண்டும். நிபந்தனையை மீறி வாங்கினால் அரசு எடுத்துக்கொள்ளும், கொடுத்த பணமும் போகும். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த நிலம் யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவர்களிடமே இருப்பதுதான் நியாயம். பூமிதான நிலம், கோயில் மானியம், வக்பு நிலம், 'அ' பதிவேட்டில் அனாதீனம் (உரிமையாளர் இல்லாதது) என்று எழுதியிருப்பது, நிபந்தனை ஒப்படைப் பட்டா எல்லாமே இதே வரிசைதான். தரகர் எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று ஊரைக் காட்டினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

காகிதம் தேறினால் வழியைப் பாருங்கள். புலப்படத்தில் வண்டிப்பாதை உங்கள் புல எண்ணைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால், இடையில் உள்ள கொல்லைக்காரர் பதிவு செய்த பத்திரத்தில் இத்தனை அடி அகலப் பாதை என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். "காலம் காலமா இப்படித்தான் ஏர் ஓட்டிப் போறோம்" என்பது, அந்த வரப்புக்காரர் மகன் கம்பி போடும் நாள் வரைதான் செல்லும். சட்டப்படி வழியுரிமை கேட்க இடம் உண்டு, ஆனால் அது பல வருட வழக்கு. வழியில்லாத கொல்லையை வாங்குவது ஒருவருக்குத்தான் அர்த்தமுள்ளது, அதை ஒட்டி ஏற்கெனவே நிலம் வைத்திருப்பவருக்கு.

நிலத்தின் வடிவமும் காசுதான். சதுரமான ஒரு ஏக்கருக்குப் பக்கம் சுமார் 209 அடி, சுற்றளவு 836 அடி. பத்தடிக்கு ஒரு கல்கால் என்றால் 84 கால், ஐந்து வரிசை முள்கம்பிக்கு 4,180 அடி. அதே ஒரு ஏக்கர் 50 அடி அகலத்தில் ரயில் பெட்டி மாதிரி நீண்டிருந்தால் நீளம் 871 அடி, சுற்றளவு 1,842 அடி. 184 கால், 9,210 அடி கம்பி. வேலிச் செலவு இரண்டு மடங்குக்கு மேல். விலை பேசும்போது இதைக் கழித்துப் பேசுங்கள். வேலி போடுவதற்கு முன் சர்வேயரை வைத்து அளந்து, நான்கு பக்கத்துக்காரர்களும் நிற்க எல்லைக்கல் நடுங்கள். அளப்பதைப் பதிவுக்கு முன்பே செய்தால் இன்னும் நல்லது.

தண்ணீரைப் பற்றி. நமக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் கெட்டிப் பாறை. வெடிப்பு எங்கே ஓடுகிறதோ அங்கே மட்டும்தான் தண்ணீர். பக்கத்துக் கொல்லையில் 300 அடியில் வந்தது உங்களுக்கு 900 அடியிலும் வராமல் போகலாம். ஆழம் கூடக் கூட ஒரு அடிக்கான கூலியும் ஏறும். "போர் போட்டா தண்ணி வந்துடும்" என்று சொல்லிக் கேட்கும் கூடுதல் விலையைக் கொடுக்காதீர்கள். தண்ணீரே வராது என்று வைத்துக்கொண்டு, அந்த விலைக்கு ஒத்துவந்தால் மட்டும் வாங்குங்கள். பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் என்றால் தண்ணீர் இருக்கும், ஆனால் தோல் பதனிடும் கழிவு கலந்திருக்கக் கூடும். இந்தக் கழிவு தொடர்பான வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அங்கே வாங்குவதாக இருந்தால் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். மண்ணில் உள்ள உப்பைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்சைத் தாண்டினால் அது உவர் நிலம். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விவரம் கேட்கலாம். குரோமியம் கழிவு கொட்டிய இடத்துக்குப் பக்கம் என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

காப்புக்காட்டை ஒட்டிய கொல்லைக்கு விலை குறைவு. குடியாத்தம், பேர்ணாம்பட்டு எல்லையில் ஆந்திராவின் கவுண்டன்யா சரணாலயப் பக்கமிருந்து யானை இறங்கும். காட்டுப்பன்றி மல்லாட்டையை (வேர்க்கடலையை) ஒரே ராத்திரியில் கிளறிவிட்டுப் போகும். பயிர் வைக்கப் போவதில்லை என்றால் இது பெரிய குறையல்ல. ஆனால் காட்டு எல்லைக்கல் எங்கே என்று வனத்துறையிடம் எழுத்தில் வாங்குங்கள்.

செலவுக் கணக்கு: கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பேச்சுக்கு ஐந்து லட்சம் என்றால் 45,000. பத்து லட்சத்துக்குட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 1.4.2025 முதல் பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, அதாவது 40,000-தான். மனைவி பெயரிலோ அம்மா பெயரிலோ வாங்க இது ஒரு நல்ல காரணம். முன்பணமோ கிரயத் தொகையோ 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது, வங்கி வழியாகவே கொடுங்கள். கிரய ஒப்பந்தம் போட்டால் அதையும் பதிவு செய்யுங்கள். பத்திரத்தில் உண்மையான விலையைக் காட்டுங்கள். குறைத்துக் காட்டினால், நாளைக்கு நீங்கள் விற்கும்போது வரிக் கணக்கில் லாபம் பெரிதாக நிற்கும். கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் வேலூர் மாநகராட்சி போல ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை மக்கள்தொகை உள்ள ஊரின் எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 6 கிலோமீட்டருக்குள் இருந்தால் வரி உண்டு. பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் வரை உள்ள ஊர் என்றால் அந்தத் தூரம் 2 கிலோமீட்டர். இன்னும் ஒன்று, புதிதாக வாங்குபவருக்கு பி.எம். கிசான் பணம் வரும் என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம். 1.2.2019-க்கு முன் பெயரில் நிலம் இருந்தவர்களுக்கான திட்டம் அது.

வாங்கிய பிறகு சும்மா போட்டுவிடக் கூடாது. பட்டா உங்கள் பெயருக்கு மாறியதா என்று பாருங்கள். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளந்த பிறகுதான் மாறும், விடாமல் கேட்க வேண்டும். நிலவரி சொற்பம்தான், ஆனால் வருடா வருடம் கட்டி ரசீதை வையுங்கள். மற்றவர் அனுபவத்தில் 12 வருடம் விட்டுவிட்டால் உரிமையே வழக்குக்கு வந்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எல்லையைச் சுற்றி நடந்து கல்லை எண்ணுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வில்லங்கமும் போட்டுப் பாருங்கள், கள்ளப் பத்திரம் ஏறியிருந்தால் சீக்கிரம் தெரியும். வாரத்துக்கோ (விளைச்சலில் பங்குக்கோ) குத்தகைக்கோ வாய்மொழியாக விடாதீர்கள். சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது, தேவைப்படும் நாளில் காலி நிலமாக விற்க முடியாமல் போகும். ஊரில் யாராவது கொள்ளு விதைத்துக்கொள்ளக் கேட்டால், ஒரு பருவத்துக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

மரம் வைப்பதானால் புளி. முப்பது அடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில், அதாவது பத்து மீட்டருக்கு ஒன்றாக, ஏக்கருக்கு 40 கன்று. ஒட்டுக்கன்று என்றால் நாலைந்து வருடத்தில் காய்க்கத் தொடங்கும். முதல் இரண்டு கோடைக்கு டிராக்டர் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். சரிவின் கீழ்ப்பக்கம் ஒரு குட்டை வெட்டுங்கள். ஒரு ஏக்கரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே விழும் தண்ணீர் 40,000 லிட்டர், அதில் ஒரு பங்கு தேங்கினாலும் கன்றுகளுக்கு உதவும். எல்லையோரம் பனங்கொட்டை போட்டுவிடுங்கள், செலவும் இல்லை, வரப்பும் நகராது.

கடைசியாக, அசல் பத்திரம், பட்டா நகல், புலப்படம், வரி ரசீது எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். வீட்டில் இன்னொருவரை ஒருமுறையாவது கூட்டிப்போய் நான்கு மூலைக் கல்லையும் காட்டிவிட்டு வாருங்கள். உங்களால் நடமாட முடியாத சமயத்தில் அதை விற்க வேண்டியவர் அவர்தான்.