பெரிய பியானோ கலைஞர்கள் ஏன் கண்டக்டர் ஆகிவிடுகிறார்கள்?

நன்றாக வாசித்துக்கொண்டிருந்த பியானோ கலைஞர்கள் பலர் நடுவயதில் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் வேலைக்குப் போய்விடுகிறார்களே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். டேனியல் பாரன்பாயம், விளாடிமிர் அஷ்கெனாசி மாதிரி ஆட்கள் என்றால் பதில் சுலபம்: ஆசை. பத்து விரலை வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தின் வேலையைப் பார்த்தவர்களுக்கு, நிஜமான கூட்டத்தின் மேல் கண் போகத்தான் செய்யும். ஆனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தவர் ஆசைப்பட்டுப் போனவர் இல்லை. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் பிளைஷர்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு மோதிர விரலைத் தூக்கப் பாருங்கள். வராது. சின்ன வயதில் நாலு வருடம் கீபோர்டு வகுப்புக்குப் போனவன் நான். வாங்கிய குட்டில் பாதி இந்த மோதிர விரலாலும் பக்கத்துச் சுண்டுவிரலாலும்தான். பிளைஷரின் வாழ்க்கையும் இதே இரண்டு விரல்களில்தான் மாட்டிக்கொண்டது.

1928இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். அப்பா தொப்பி செய்பவர். ஒன்பது வயதில் ஆர்தர் ஷ்னாபெல் என்ற பெரிய பியானோ கலைஞரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஷ்னாபெல் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று கறாராக இருந்தவர்; இந்தப் பையன் வாசித்ததைக் கேட்டபின் அந்தக் கறார் நிற்கவில்லை. ஷ்னாபெலின் குரு லெஷெடிட்ஸ்கி, அவருடைய குரு செர்னி, செர்னியின் குரு பீத்தோவன். நம் சங்கீதக்காரர்கள் மூச்சு விடாமல் சிஷ்ய பரம்பரை சொல்வார்களே, அந்த மாதிரி சொல்லிக்கொள்ளலாம். 16 வயதில் நியூயார்க் பில்ஹார்மானிக்குடன் பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோ, அதாவது பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. 1952இல் பிரஸ்ஸல்ஸில் குயின் எலிசபெத் போட்டியில் முதல் பரிசு, அதை வாங்கிய முதல் அமெரிக்கர். அப்புறம் ஜார்ஜ் ஸெல் நடத்திய கிளீவ்லாண்ட் ஆர்கெஸ்ட்ராவுடன் பீத்தோவனின் ஐந்து கான்செர்ட்டோக்களையும் பிராம்ஸின் இரண்டையும் பதிவு செய்தார். அந்தப் பதிவுகளை இன்றைக்கும் யாரும் ஓரம் கட்டவில்லை.

1964இல் வலது கையின் அந்த இரண்டு விரல்களும் தாமாக உள்ளங்கைக்குள் சுருள ஆரம்பித்தன. வயது 36. பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாக வாசித்தார், இன்னும் சுருண்டது. இதற்கு ஃபோக்கல் டிஸ்டோனியா என்று பெயர். கோளாறு விரலில் இல்லை. ஒரே நுணுக்கமான அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதில், விரல்களைத் தனித்தனியாக ஆட்டிவைக்கும் மூளையின் கணக்கு குழம்பிவிடுகிறது. அவருக்கு இந்தப் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லவே பல வருடங்கள் ஆயின. அதுவரை வைத்தியத்துக்கு மேல் வைத்தியம். மணவாழ்க்கை முறிந்தது, தற்கொலை எண்ணம்கூட வந்ததாக அவரே பிற்பாடு ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

அந்த இருட்டில்தான் கண்டக்டர் ஆனார். 1970இல் அனாபொலிஸ் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, 1973இல் பால்டிமோர் சிம்பொனியில் இணை கண்டக்டர். பியானோ கிடைக்காததால் பிடித்த கிளை என்று இதைச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது அரைகுறையாகப் படுகிறது. பியானோவில் ஒரு சுவரம் தட்டின கணத்திலிருந்தே தேய ஆரம்பிக்கிறது. வயலினிலும் ஓபோ என்ற ஊதுகுழலிலும் அது வளரலாம், நடுவில் பெருக்கலாம். அந்த வளர்ச்சியை வாழ்நாள் முழுக்கக் கற்பனையிலேயே கேட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு அது நிஜமாகக் காதில் விழுகிறது. கற்றுக்கொடுப்பதிலும் இதுதான் நடந்தது. பால்டிமோரின் பீபாடி இசைக்கல்லூரியில் முன்பெல்லாம் வாசித்துக் காட்டியே வேலையை முடித்துவிடுவார். கை போனபின் வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும். தான் என்ன செய்கிறோம் என்பதை அப்போதுதான் யோசிக்கவே ஆரம்பித்தார். ஆந்த்ரே வாட்ஸ், ஜோனதன் பிஸ் எல்லாம் அவரிடம் படித்தவர்கள்.

இடது கை சும்மா இருக்கவில்லை. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைன் என்ற வியன்னா பியானோக்காரர், பணக்காரர் வேறு, இடது கைக்கென்றே பெரிய இசையமைப்பாளர்களிடம் காசு கொடுத்து எழுதி வாங்கியிருந்தார். ராவெல் எழுதிய கான்செர்ட்டோ பிளைஷரின் பிழைப்பாகவே ஆகிவிட்டது. ஹிண்டமித் 1923இல் எழுதியதை விட்கென்ஸ்டைன் வாசிக்கவும் இல்லை, வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை. அது 2002இல் வெளிப்பட்டது. 2004இல் பெர்லினில் அதை முதன்முதலாக மேடையேற்றியவர் பிளைஷர். அப்போது வயது 76!

நடுவில் 1982இல் பால்டிமோரில் புது இசையரங்கத் திறப்பு விழாவில் இரண்டு கையாலும் வாசித்தார். எழுந்து நின்று கைதட்டினார்கள். கை சரியாகவில்லை என்பது அவருக்குத் தெரியும். மறுபடி இடது கைக்கே போய்விட்டார். 1990களில்தான் வழி பிறந்தது. போட்டாக்ஸ், முகச்சுருக்கத்துக்குப் போடுகிறார்களே அதே ஊசி, சுருட்டி இழுக்கும் தசையைக் கொஞ்சம் தளர்த்தியது. கூடவே ஆழமாக அழுத்திவிடும் ஒரு மசாஜ். முழுதாகக் குணமாகவில்லை, சில மாதங்களுக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். 2020இல் 92 வயதில் இறந்தார்.

கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் 2004இல் வந்த 'டூ ஹேண்ட்ஸ்' ஆல்பத்தில் ஷூபர்ட் என்ற இசையமைப்பாளர் தனிப் பியானோவுக்கு எழுதிய கடைசி சொனாட்டா இருக்கிறது, அதை எடுங்கள். மெதுவாக, கோவிலுக்குள் நடப்பதுபோல் ஒரு மெட்டு. அது முடியும் இடத்தில், அடியில் இடது கை தூரத்து இடிபோல் லேசாக உருளும். எல்லோரும் அந்த இடியைத்தான் சொல்வார்கள். நீங்கள் மேலே மெட்டைக் கவனியுங்கள். வலது கைச் சுவரக்கொத்துகளின் உச்சியில் அது நிற்கிறது. அந்தப் பக்கம் இருப்பவை மோதிர விரலும் சுண்டுவிரலும்.