500 இருக்கும்போது 100 எதற்கு? – மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு 54 வயது. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 2 எடுத்துவருகிறேன். நான்கு நாட்களாகச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், காய்ச்சல் இல்லை. சிறுநீர் கல்ச்சர் பரிசோதனையில் ஈ-கோலை கிருமி என்று வந்தது. மருத்துவர் நைட்ரோஃபுரண்டாயின் 100 மாத்திரையைக் காலையும் இரவும் ஐந்து நாட்களுக்கு எழுதியிருக்கிறார். சென்ற மாதம் கணவரின் இருமலுக்கு வாங்கிய அசித்ரோமைசின் 500 மாத்திரையில் மூன்று வீட்டில் இருக்கின்றன. அதுதான் பவர் கூடியது, மூன்றே நாளில் சரியாகிவிடும் என்கிறார் நாத்தனார். மகனுக்கு உண்ணிக்காய்ச்சல் வந்தபோது டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள். எனக்குப் பல் வீங்கியபோது அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டும் மெட்ரோனிடசோலும் கொடுத்தார்கள். எல்லாம் ஆன்டிபயாடிக்தானே? ஏன் ஒவ்வொரு முறையும் வேறு மாத்திரை?

பதில்: அசித்ரோமைசினை எடுக்காதீர்கள். கல்ச்சர் அறிக்கையில் நைட்ரோஃபுரண்டாயினுக்கு எதிரே 'எஸ்', அதாவது அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் மருத்துவர் எழுதியதையே ஐந்து நாட்களும் எடுத்துமுடியுங்கள்.

அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் 'பவர்' என்று சொல்வது நம்மிடையே நெடுநாளாக ஊறிப்போன வழக்கம். மூக்குக்கண்ணாடிக்குச் சரியாக இருக்கும் அந்தச் சொல் மாத்திரைக்குச் சரிவராது. அந்த எண் மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. நீங்கள் தினமும் விழுங்கும் இரண்டு மாத்திரைகளையே எடுத்துக்கொள்ளுங்கள்: மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 2. எண்தான் வலிமை என்றால் முன்னது பின்னதைவிட 250 மடங்கு சர்க்கரையைக் குறைக்க வேண்டும். ஆனால் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தி மயக்கம் வரவைக்கக் கூடியது அந்த 2 மில்லிகிராம் மாத்திரைதான்.

ஒரு ஆன்டிபயாடிக்கைத் தேர்ந்தெடுக்கும்போது மருத்துவர் பார்ப்பவை இரண்டு: எந்தக் கிருமி, அது உடலில் எந்த இடத்தில் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் இரண்டாவதுதான் முக்கியம். அசித்ரோமைசின் இரத்தத்தை விட்டு நுரையீரல், தொண்டை போன்ற திசுக்களுக்குள்ளும் வெள்ளை அணுக்களுக்குள்ளும் போய்த் தங்கிக்கொள்ளும் இயல்புடையது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 68 மணி நேரம் ஆகிறது. மூன்று நாள் மாத்திரை போதும் என்பதற்குக் காரணம் அதன் வேகமன்று. மாத்திரையை நிறுத்திய பின்னும் பல நாட்கள் அது திசுக்களில் இருப்பதுதான். ஆனால் அது பெரும்பாலும் பித்தநீர் வழியாக வெளியேறுவதால் சிறுநீரில் சேரும் பங்கு மிகச் சிறிது. நைட்ரோஃபுரண்டாயின் இதற்கு நேர் எதிரானது. இரத்தத்தில் அதன் அளவு நோயைத் தீர்க்கும் மட்டத்துக்கு உயர்வதே இல்லை. சிறுநீரகம் அதை வடித்துச் சிறுநீர்ப்பையில் செறிவாகச் சேர்த்துவிடுகிறது. அங்கே கிருமியின் நொதிகளே அதை வினைத்திறன் மிக்க துண்டுகளாக மாற்ற, அவை கிருமியின் டி.என்.ஏ.வையும் புரத உற்பத்தியையும் ஒரே நேரத்தில் தாக்குகின்றன. பல இடங்களில் அடி விழுவதால், 1953-ஆம் ஆண்டிலிருந்து பயன்பாட்டில் இருந்தும் ஈ-கோலை இதற்கு எளிதில் பழகிக்கொள்ளவில்லை.

உங்கள் வீட்டுக்கு வந்த மற்ற மருந்துகளும் இப்படித்தான். அமாக்ஸிசிலின் பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. பாக்டீரியா தன் உடலைச் சுற்றிக் கட்டும் சுவரின் இணைப்புகளைப் போடவிடாமல் தடுக்கிறது. மனித செல்லுக்கு அத்தகைய சுவரே இல்லாததால், ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு இது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. இந்த மருந்தை உடைக்கும் நொதியைச் சில கிருமிகள் சுரக்கின்றன. அந்த நொதியை மடக்கிவைக்கவே கிளாவுலனேட் சேர்க்கப்படுகிறது. செஃபலெக்சின், செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்சோன் போன்றவையும் சுவரைக் குலைப்பவையே. மெட்ரோனிடசோல் ஆக்சிஜன் இல்லாத இடங்களில் வாழும் கிருமிகளையும் அமீபாவையும் மட்டுமே கொல்லும். வீங்கிய ஈறின் ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாததால்தான் அங்கே அது உதவியது. உங்கள் மகனுக்கு வந்த உண்ணிக்காய்ச்சலின் கிருமியோ நம் செல்லுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வது; சுவரைத் தாக்கும் பென்சிலின் வகைகள் அதை ஒன்றும் செய்யா. செல்லுக்குள் நுழைந்து கிருமியின் புரத உற்பத்தியை நிறுத்தும் டாக்ஸிசைக்ளின் அதற்கு மிகப் பொருத்தமானது. எலிக்காய்ச்சலுக்கும் இதையே கொடுக்கிறோம்.

உங்கள் அறிக்கையில் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எதிரே 'ஆர்', அதாவது அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படாது என்று இருந்தால் வியக்க மாட்டேன். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் நைட்ரோஃபுரண்டாயினைப் பழைய மருந்து என்று ஒதுக்கிவிட்டு, எரிச்சல் என்று வந்தவர்களுக்கெல்லாம் அதே சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்து நார்ஃப்ளாக்சசினை எழுதினோம். கிருமிகளுக்கு நாங்களே பயிற்சி கொடுத்ததுபோல் ஆயிற்று. தவிர, இக்குடும்பத்து மருந்துகள் தசைநாண்களைப் பாதிக்கக்கூடும்; கிளிமிபிரைடுடன் சேரும்போது சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தவும் கூடும். யாராவது இதைப் பரிந்துரைத்தால் உங்கள் சர்க்கரை மாத்திரையின் பெயரைத் தவறாமல் சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாடிக்குகளை முதலில் கைக்கொள்ள வேண்டியவை, கவனத்துடன் கையாள வேண்டியவை, கடைசிக்கென ஒதுக்கிவைக்க வேண்டியவை என மூன்றாகப் பிரித்தது. உங்கள் பெட்டியில் உள்ள நைட்ரோஃபுரண்டாயின், டாக்ஸிசைக்ளின், மெட்ரோனிடசோல், அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் நான்கும் முதல் வகை. நாத்தனார் புகழும் அசித்ரோமைசின் இரண்டாவது வகையில் இருக்கிறது; அதற்குக் காரணம் வலிமை அன்று, கிருமிகள் அதற்கு விரைவில் பழகிவிடும் என்ற அச்சம்.

எட்டு ஆண்டுச் சர்க்கரை நோய் இருப்பதால், அண்மையில் பார்க்காமல் இருந்தால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்திருந்தால் நைட்ரோஃபுரண்டாயின் சிறுநீருக்குப் போதிய அளவில் போய்ச் சேராது. உடலில் தேங்கி நரம்புகளையும் கெடுக்கும். இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி-6-பி-டி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களும் இதை எடுக்கக் கூடாது. வெறும் வயிற்றில் வேண்டாம். உணவோடு விழுங்கினால் குமட்டல் குறையும், மருந்தும் நன்றாக உட்கிரகிக்கப்படும். சிறுநீர் அடர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ போனால் அது மருந்தின் நிறம்தான்.

இந்த மருந்து சிறுநீர்ப்பைக்கு மட்டுமானது என்பதால் ஒன்றை நினைவில் வையுங்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, வாந்தி ஆகியவற்றில் எது தோன்றினாலும் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அங்குள்ள திசுவுக்குள் நைட்ரோஃபுரண்டாயின் போதிய அளவில் எட்டாது. ஐந்து நாள் முடியட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வேறு மருந்தை, தேவைப்பட்டால் ஊசியாகவே தொடங்க வேண்டியிருக்கும். மருந்து தொடங்கி 48 மணி நேரம் ஆகியும் எரிச்சல் குறையாவிட்டால் கல்ச்சர் அறிக்கையோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். மீதமிருக்கும் அந்த மூன்று மாத்திரைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் கணவரின் அடுத்த இருமலுக்கும் அவை வேண்டாம், ஏனெனில் பெரும்பாலான இருமல்கள் வைரஸால் வருபவை.