வீட்டில் உவர்நீர் மீன் தொட்டி வைத்து, அதில் நிஜச் செடியும் வளர்க்க முடியுமா?

முடியும். உவர்நீர் என்றால் நல்ல தண்ணீருக்கும் கடல் நீருக்கும் நடுவான உப்புள்ள தண்ணீர். கடைக்காரர் முடியாது என்று கையை விரித்துவிட்டார் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கடை என்று கேட்க மாட்டேன், எனக்கும் கொளத்தூரில் இதே பதில்தான் கிடைத்தது. "சார், உப்புத் தண்ணியில செடியா? நடுக்கடல்ல வாழைத்தோட்டம் போடுற மாதிரி இருக்கு" என்று கடைப் பையன் சொல்ல, பக்கத்தில் கோல்டு ஃபிஷ் வாங்க நின்றவர்கூடச் சிரித்தார். அந்தத் தொட்டி இப்போது திருவான்மியூரில் என் வீட்டு ஹாலில் பச்சைப் பசேலென்று இருக்கிறது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் மீன்வளம் படித்தவன் இல்லை, கணக்கு பார்க்கிற வேலை. இதைப் படித்துவிட்டு "இதெல்லாம் உவர்நீரே இல்லை, நல்ல தண்ணியில் கொஞ்சம் உப்பு போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்" என்று சொல்ல ஒருவர் வருவார், வரட்டும். அவரிடம் ஒன்று கேட்கிறேன், கழிமுகத்தில் வருஷம் முழுக்க ஒரே அளவு உப்பா இருக்கிறது? அடையாறு முகத்துவாரத்தை மணல் திட்டு வந்து அடைத்துக்கொள்கிறது, ஐப்பசி கார்த்திகை மழையில் வெள்ளம் வந்தால் உடைத்துக்கொண்டு ஓடுகிறது. பழவேற்காட்டில் மே மாதத்துத் தண்ணீரும் டிசம்பர் தண்ணீரும் நாக்கில் வைத்தால் வேறு வேறு. அங்கே வாழ்கிற மீனுக்கு இந்த ஏற்ற இறக்கம் பழகிப்போன விஷயம், செடிக்கு அப்படி இல்லை. அதனால் உப்பை மீனைப் பார்த்துப் போடாதீர்கள், செடியைப் பார்த்துப் போடுங்கள். கடைக்காரர்கள் முடியாது என்று சொல்வதற்குக் காரணமே, அவர்கள் மீனைப் பார்த்து உப்பு போட்டு, செடி அழுகி, அத்தோடு விட்டுவிட்டதுதான்.

கணக்கு இதுதான். கடல் நீரின் ஒப்படர்த்தி, அதாவது நல்ல தண்ணீரை 1 என்று வைத்தால் அதைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்பது, 1.025 வாக்கில் இருக்கும், உப்பு லிட்டருக்கு 35 கிராம். உவர்நீர்த் தொட்டி என்று பொதுவாகச் சொல்வது 1.005 முதல் 1.015 வரை. செடி வேண்டும் என்றால் 1.003-லிருந்து 1.005-க்குள் நின்றுவிட வேண்டும். 1.005 என்றால் லிட்டருக்கு 9 கிராம் அளவில் வரும். என்னுடையது மூன்றடித் தொட்டி, மணல், கட்டை எல்லாம் போக 110 லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது, ஆகவே ஏறக்குறைய ஒரு கிலோ உப்பு. இதில் கஞ்சத்தனம் பார்க்காமல் கடல் தொட்டிக்கென்று விற்கும் மரைன் சால்ட்டே வாங்குங்கள். அக்வேரியம் சால்ட் என்று பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் வெறும் சோடியம் குளோரைடு, நம் வீட்டுக் கல் உப்பும் கிட்டத்தட்ட அதேதான். உப்புக் கரிக்கும், ஆனால் கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை எதுவும் சரியாகச் சேராது. உவர்நீர் மீனுக்குத் தண்ணீர் கடினமாகவும் பிஎச் 7.5-க்கு மேலும் இருக்க வேண்டும். தண்ணீர் மென்மையாக இருந்தால் மணலோடு கொஞ்சம் கோரல் சிப்ஸ் (பவளத் துண்டுகள்) கலந்துவிடுங்கள்.

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். நெம்மேலியில் கடல் நீரை எடுத்து, அவ்வளவு கரண்டு செலவழித்து உப்பைப் பிரித்துத் தென்சென்னைக்குக் குழாயில் அனுப்புகிறார்கள், நான் அதைப் பிடித்து மறுபடி உப்பு போடுகிறேன். என் மாமனார் இதைச் சொல்லாமல் வீட்டுக்கு வந்து போனதே இல்லை. "போர் தண்ணியே உப்புதானே மாப்ளே, அதையே ஊத்துங்க" என்பார். போர் உப்பு என்பது வேறு கணக்கு, தெருவுக்குத் தெரு மாறும், கோடையில் ஒரு மாதிரி, மழைக்கு அப்புறம் ஒரு மாதிரி. அதை நம்பித் தொட்டி ஓட்ட முடியாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதற்கான மருந்து நாலு சொட்டு விட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஆரம்பிக்கும்போது உப்பே வேண்டாம். நல்ல தண்ணீரில் செடியை நட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, செடி வேர் பிடித்துப் புது இலை விடட்டும். தொட்டிக் கழிவில் உண்டாகும் விஷங்களான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரட்டும். அதற்கப்புறம் வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது உப்பு சேர்த்து ஒப்படர்த்தியை 0.001 வீதம் ஏற்றுங்கள். ஃபில்டரில் குடியிருந்து அந்த விஷத்தை முறிக்கும் பாக்டீரியாவும் செடியும் ஒன்றாகவே பழகிவிடும். ஒரேயடியாக ஏற்றினால் ஃபில்டர் படுத்துவிடும், அம்மோனியா ஏறும், அதுவும் பிஎச் அதிகமான தண்ணீரில் அதே அம்மோனியாவுக்கு விஷம் அதிகம். உப்பை எப்போதும் வாளியில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும், தொட்டியில் நேராகக் கொட்டக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

என்ன செடி? ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டும் கட்டையில் கட்டிவிட்டால் போதும். ஜாவா மாஸ் தாங்கும். வாலிஸ்னேரியா முதலில் பயமுறுத்தும், உப்பு ஏறியதும் இலையெல்லாம் கண்ணாடி போல வெளுத்து, தொட்டால் கொழகொழவென்று கையோடு வரும். பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். அடியில் குருத்து வெள்ளையாக இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அந்தக் குருத்திலிருந்து வந்த இலைகள் பழையதைவிடக் குறுகலாக, தடிப்பாக, கத்தி போல வந்தன, அதற்குப் பிறகு உப்பைப் பற்றி அவை கவலைப்படவே இல்லை. கிரிப்டோகோரைனில் சிலியாட்டா என்று ஒரு வகை உண்டு, கழிமுக ஓரத்துச் சேற்றில் இயல்பாகவே வளர்வது, கிடைத்தால் விடாதீர்கள். அப்புறம் நம்ம ஊர் நீர்ப்பிரமி. ஞாபக சக்திக்கு என்று நாட்டு மருந்தில் சேர்க்கிற அதே செடிதான், பகோபா என்று பெயர் மாற்றித் தொட்டிச் செடியாக விற்கிறார்கள். லேசான உப்பில் ஜம்மென்று வளர்கிறது.

அலையாத்திக் கன்று வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அலையாத்தி மரங்களில் ஒன்றான சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து நீளக் காயாகத் தொங்கும், அதைத் தொட்டி விளிம்பில் நட்டால் வேர் விடும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அது மரம். கொஞ்ச நாளில் மின்விசிறியைத் தொடப் பார்க்கும். பிச்சாவரம் போய்ப் பறித்து வருகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள், அது காப்புக்காடு.

மீனுக்கு வருவோம். செலவில்லாமல் தொடங்க மாலி. நல்ல தண்ணீரில் எப்போதும் ஏதாவது நோயோடு தள்ளாடுகிற மாலி, லேசான உப்பில் வேறு மீனாகிவிடும், பாசியையும் மேயும். கீழ்த்தட்டுக்கு பம்பிள்பீ கோபி, சுண்டு விரல் நுனி அளவுதான் இருக்கும். உருண்டைத் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது, ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் முட்டையைப் பொரித்துப் போட வேண்டும். அந்த வேலை பிடிக்காது என்றால் வாங்காதீர்கள்.

என் தொட்டியின் ராஜா ஆரஞ்சு குரோமைடு. கேரளாக்காரர்கள் வாழையிலையில் பொள்ளிக்கிற கரிமீனுக்குச் சித்தப்பா பிள்ளை முறை. இந்தியாவுக்குச் சொந்தமான சிக்லிட் குடும்பத்து மீன் மொத்தமே மூன்று இனம், அதில் இரண்டு இவை. கரிமீன் பெரிதாக வளரும், செடியைத் தின்னும், வேண்டாம். ஆரஞ்சு குரோமைடு மூன்று அங்குலத்தோடு நின்றுவிடும். என் ஜோடி அனுபியாஸ் கட்டிய கட்டையின் அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்து முட்டை வைத்தது. ஆணும் பெண்ணும் மாறி மாறி நின்று துடுப்பால் விசிறின, வெளுத்த முட்டையை மட்டும் வாயால் பொறுக்கி எடுத்தன. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் நேராகத் தாய் தகப்பன் உடம்பில் போய் மொய்த்தன. முதலில் ஏதோ நோய்தான் ஒட்டியிருக்கிறது என்று என் மனைவி பயந்துவிட்டாள். டார்ச் அடித்துப் பார்த்தால், ஒவ்வொரு குஞ்சும் விலாவில் ஒரு கொத்து கொத்திவிட்டு விலகுகிறது, மறுபடி வருகிறது. பெற்றவர்களின் தோலில் சுரக்கும் சளியைத்தான் தின்கின்றன. அந்தக் கடைப் பையனுக்கு இதை வீடியோ எடுத்து அனுப்பினேன். "உப்பு எவ்ளோ சார் போட்டீங்க?" என்று பதில் வந்தது.

சென்னையில் உண்மையான தலைவலி வெயில்தான். ஏப்ரல், மே மாதத்தில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு வெறும் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் ஊற்றினால் தொட்டி மெல்லக் கடலாகிவிடும். இன்னொன்று, ஒப்படர்த்தியை அளக்கும் கண்ணாடி ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 25 டிகிரிக்கு அளவு குறித்தது. நம் வீட்டுத் தண்ணீர் 30-ஐத் தாண்டினால் அது 0.001-க்கு மேல் குறைத்துக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு உப்பு போட்டால் செடிதான் அடி வாங்கும். மேல் மூடி, விளக்குக் கம்பி, கிளிப் எல்லாவற்றிலும் வெள்ளைப் பொருக்கு படியும், ஈரத்துணியால் துடையுங்கள், பிளக் பாயின்ட்டைத் தொட்டிக்கு மேல்பக்கமாக வையுங்கள்.

இந்த உப்புப் பொருக்கைச் சொல்லும்போதுதான் என் பழைய ஹவுஸ் ஓனர் ஞாபகம் வருகிறது. மூன்றடித் தொட்டி ஸ்டாண்டோடு 200 கிலோ வாக்கில் வரும், இரண்டு பீரோ எடைதான், சுவர் ஓரமாக வைத்தால் ஒன்றும் ஆகாது. அவரோ தளம் இடிந்துவிடும் என்று ஒவ்வொரு மாதமும் வாடகை வாங்க வரும்போது குதிகாலால் தரையைத் தட்டிப் பார்ப்பார். காலி செய்யும்போது "மீன் தொட்டி உப்பு சுவரில் பூத்துவிட்டது" என்று பெயின்ட் காசை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். அந்தச் சுவர் பாத்ரூம் சுவர். தொட்டி எதிர்ப்பக்கம் இருந்தது! 2017 வாடகைச் சட்டத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான், வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் ஒழிய. இங்கே எல்லா ஒப்பந்தமும் அந்த "ஒழிய"வில்தான் ஓடுகிறது, பத்து மாதம் கொடு என்கிறார்கள். சரி, அது வேறு கதை.

கடைசியாக, ஸ்காட், மோனோ, பச்சைப் பஃபர் மூன்றையும் செடியோடு ஒரே தொட்டியில் வைக்க ஆசை என்கிறீர்கள். வேண்டாம். கடையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் பார்க்கிற ஸ்காட் ஓரடி வரை வளரும், செடியைக் கீரை போல மேய்ந்துவிடும். மோனோவும் பெரிதாகும், கூட்டமாகத்தான் இருக்கும், வளர வளரக் கடல் அளவு உப்பு கேட்கும். இதை "சில்வர் ஏஞ்சல்" என்று நல்ல தண்ணீர்த் தொட்டியில் போட்டு விற்பவர்களை என்ன சொல்வது. பஃபர் மற்ற மீனின் வாலைக் கடிக்கும், நத்தை ஓட்டைக் கடித்து உடைத்துப் பல் தேய வேண்டும், அதற்குத் தனித் தொட்டிதான். இந்த மூன்றும்தான் வேண்டும் என்றால் செடியை மறந்துவிடுங்கள், செடி வேண்டும் என்றால் மாலி, கோபி, ஆரஞ்சு குரோமைடோடு நில்லுங்கள்.

உங்கள் ஏரியா எது, மெட்ரோ தண்ணீரா போரா, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு என்று கீழே போடுங்கள், எத்தனை கிராமில் தொடங்கலாம் என்று சொல்கிறேன். ஃபோட்டோ கேட்காதீர்கள், முன் கண்ணாடியில் பாசி தேய்த்து ரொம்ப நாளாகிறது.