எல்லோரும் சிரித்தார்கள்

அன்புள்ள ஐயா,
வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் புராணத்து ஓநாய்களைப் பற்றி வாசித்து வருகிறேன். ஃபென்ரிர் என்ற ஓநாய் தீமையின் குறியீடுதானே? கார்ம் என்ற நாயும் ஃபென்ரிரும் ஒன்றேதானா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கார்ம் விஷயத்தை அறிஞர்கள் அடித்துக்கொள்ளட்டும். ஆனால் 'குறியீடு' என்ற சொல்லைக் கொஞ்ச நாள் பரண்மேல் போட்டு வையுங்கள். கதை உள்ளே போவதற்குள் பொழிப்புரை எழுத உட்கார்ந்துவிடுகிறீர்கள். எனக்கும் உங்கள் வயதில் அந்த வியாதி இருந்தது, அதனால்தான் திட்டுகிறேன்.

தந்திரக்காரன் லோகியின் பிள்ளை அந்த ஓநாய். அதை வீட்டில் வைத்து வளர்த்ததே தேவர்கள்தான். கிட்டே போய் இரை போடும் தைரியம் டீர் ஒருவனுக்குத்தான் இருந்தது. அது வளர்ந்ததும் பயந்துபோய்க் கட்டப் பார்த்தார்கள். இரண்டு தளைகளை அறுத்துவிட்டது. மூன்றாவது குள்ளர்கள் செய்த நாடா, பட்டு மாதிரி மெல்லியது. பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில், இவ்வளவும் சேர்த்துச் செய்தது. ஓநாய்க்குச் சந்தேகம். "உன்னால் அறுக்க முடியாவிட்டால் நாங்களே அவிழ்த்துவிடுகிறோம்" என்றார்கள். "அப்படியானால் ஒருவர் என் வாயில் கையை வையுங்கள்" என்றது. இரை போட்டவன்தான் வைத்தான்.

13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் இதை எழுதிய ஸ்னோரி, ஓநாய் சிக்கிக்கொண்டதும் டீரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள் என்கிறார். அவனுக்குக் கை போயிற்று. அவ்வளவுதான், மேலே ஒரு வார்த்தை கிடையாது. அந்தச் சிரிப்பைத் தாண்டி எப்படி ஐயா தீமைக்குப் போனீர்கள்? ஏன் கொல்லவில்லை என்பதற்கும் அவரே காரணம் சொல்கிறார்: ஓநாயின் ரத்தம் பட்டால் அவர்களுடைய புனித இடம் கெட்டுவிடுமாம். ரத்தம் தீட்டு, கொடுத்த வாக்கை மீறுவது தீட்டில்லை! கடைசிப் போரில் அது தேவர்களின் தலைவன் ஓடினை விழுங்குவதைப் படிக்கும்போது எனக்குப் பெரிய துக்கமெல்லாம் வருவதில்லை.

எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. யாரையோ கடித்துவிட்டது. தூரத்து அரிசி ஆலைக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. யார் கூப்பிட்டும் வரவில்லை. தினமும் சோறு வைப்பவன் நான், எனக்குப் பத்து வயது. "நீ கூப்பிடுடா, வரும்" என்றார் மாமா. கூப்பிட்டேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. கழுத்தைக் கட்டிக்கொண்டேன், மாமா சாக்கைப் போட்டார். சாக்கு குதித்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தக் கதையை இன்னொரு முறை படியுங்கள். மெதுவாக.