கையில் ஏறும் கோடு: வாசகர் கேள்வி – பதில்

பச்சை குத்தலுக்கான உருவங்களைக் கையால் வரைவது பற்றிச் சென்ற இதழில் எழுதிய குறிப்புக்கு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (ஆரையம்பதியிலிருந்து ஓர் இளைஞர்): நண்பருடைய மேற்கையைச் சுற்றி வரும்படி பசிபிக் தீவுகளின் பொலினீசியப் பாணியில் ஆறு சென்ரிமீற்றர் அகலமான பட்டி ஒன்றை வரைந்து கொடுத்தேன். கையில் சுற்றிப் பார்த்தபோது மேல் விளிம்பு சரியாகப் பொருந்தியது. கீழ் விளிம்பில் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. எங்கே பிழைத்தது?

பதில்: உங்கள் வரைதலில் பிழை இல்லை, தாளை நீள்சதுரமாக வெட்டியதுதான் பிழை. மேற்கை தோளிலிருந்து முழங்கையை நோக்கிச் சிறுத்துக்கொண்டு போகிறது. சட்டைக் கை தைக்கும் தையற்காரர் எவரும் அந்தத் துண்டை நேர் விளிம்போடு வெட்டுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் பட்டியும் விரித்து வைத்தால் விசிறியைப் போல வளைந்துதான் இருக்க வேண்டும்.

உங்கள் நண்பரின் கையில் பட்டியின் மேல் விளிம்பு வரும் இடத்தின் சுற்றளவு 30 சென்ரிமீற்றர் என்றும், கீழ் விளிம்பு வரும் இடத்தின் சுற்றளவு 27 சென்ரிமீற்றர் என்றும் வைத்துக்கொள்வோம். பெரிய சுற்றளவைப் பட்டியின் அகலத்தால் பெருக்கி, இரு சுற்றளவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் 60 வரும். பெரிய தாள் ஒன்றைப் பலகையில் விரித்து, ஓர் ஆணியில் நூலைக் கட்டி, 60 சென்ரிமீற்றர் தூரத்தில் ஒரு வில்லும், அதே ஆணியிலிருந்து 54 சென்ரிமீற்றர் தூரத்தில் இன்னொரு வில்லும் போடுங்கள். வெளி வில்லில் 30 சென்ரிமீற்றர் அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் ஆணியை நோக்கிக் கோடு இழுத்தால், உள் வில் தானாகவே 27 சென்ரிமீற்றரில் வந்து நிற்கும். உள்ளே 'சுறாப்பல்' எனப்படும் முக்கோணங்கள் பன்னிரண்டை நிரப்புவதாயின் மேல் விளிம்பில் ஒவ்வொன்றுக்கும் 2.5 சென்ரிமீற்றரும், கீழ் விளிம்பில் 2.25 சென்ரிமீற்றரும் கிடைக்கும். பற்களைப் பிரிக்கும் கோடுகளும் அந்த ஆணியை நோக்கியே போக வேண்டும். இல்லாவிட்டால் கையில் ஏறியதும் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

இவ்வளவு கணக்கும் கை சரியான கூம்பாக இருந்தால்தான் பொருந்தும். கையோ தசை திரண்ட இடத்தில் புடைத்தும் உட்பக்கத்தில் தட்டையாகவும் இருப்பதால், மெல்லிய ரேசிங் தாளைக் கையில் ஒருமுறை சுற்றி, நண்பரைக் கையைத் தொங்கவிட்டு இயல்பாக நிற்கச் சொல்லி, விளிம்புகளைப் பேனாவால் குறித்துக்கொண்ட பின்பே வில்லைத் திருத்துங்கள். முனைகள் சந்திக்கும் இடத்தைக் கையின் உட்பக்கத்துக்குத் தள்ளிவிட்டால், ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியாது. முன்கைக்கு வரைவதாயின் இன்னொரு தொல்லை உண்டு: உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து ஒட்டிய கோலம், உள்ளங்கையைக் கவிழ்த்ததும் முறுக்கிய கயிறு போலத் திரும்பிவிடும்.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகர்): ஆமை என்றால் நீண்ட ஆயுள், சுறாப்பல் என்றால் வீரம் என்று இணையத்தில் பொருள் விளக்கப் பட்டியல்கள் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்து நாமே சேர்த்து வரையலாமா?

பதில்: அந்தப் பட்டியல்களில் எனக்குப் பெரிய மதிப்பு இல்லை. பொலினீசியா ஒரு நாடு அன்று. ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு ஆகிய மூன்றையும் முனைகளாகக் கொண்ட பெரும் முக்கோணக் கடற்பரப்பு. ஒரு தீவுக்கூட்டத்தின் உருவம் இன்னொன்றில் வேறு பெயரோடும் வேறு பொருளோடும் நிற்கலாம். ஆங்கிலத்துக்கு 'டாட்டூ' என்ற சொல்லைக் கொடுத்ததும் அந்தக் கடற்பரப்புத்தான். 1769ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல் தஹிட்டித் தீவில் நின்றபோது அவரோடு சென்றவர்கள் கேட்டு எழுதிவைத்தது 'தத்தாவ்' என்ற தீவுச் சொல்லே.

சமோவாவில் ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை குத்தும் 'பெஆ' என்ற முழுக் கோலம் இன்றும் வழக்கில் உள்ளது. எலும்பாலோ பன்றித் தந்தத்தாலோ செய்த பற்சீப்பைக் கோலில் பூட்டிச் சிறு தடியால் தட்டிக் குத்துவது அவர்களின் பழைய முறை. தொடங்கிவிட்டு வலி தாங்காமல் பாதியில் விட்டவருக்கு அது வாழ்நாள் அவமானமாகும். அந்தக் கோலத்தில் முதுகின் கீழ்ப்பகுதியில் குறுக்கே ஓடும் பட்டிக்குத் 'தோணி' என்று பொருள்படும் பெயரே வழங்குகிறது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் குத்தும் 'மொக்கோ' என்ற கோலம் இன்னும் நெருக்கமானது. ஒருவருடைய முகத்திலுள்ள கோடுகள் அவருடைய வம்சவழியையே சொல்லும். ஆகவே அந்த வழியில் வராதவர்களுக்காக வரையப்படும் கோலத்தை அவர்கள் 'கிரிதுஹி' என்று தனிப்பெயரிட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'தோலில் எழுதுவது' என்பதே அதன் பொருள்.

குடிவழி என்றால் என்னவென்று மட்டக்களப்புப் பகுதியாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் மாட்டுப் பட்டிகளில், மாட்டின் உடலில் சுட்ட குறியைப் பார்த்தே அது யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். அழகாக இருக்கிறதே என்பதற்காக அடுத்தவருடைய குறியை எவரும் தம் மாட்டுக்குச் சுடுவதில்லை. ஒரு மாவோரி முகத்தின் படத்தைப் பார்த்து அப்படியே பெயர்த்து எழுதுவதும் அதைப் போன்ற செயலே.

நான் மாணவர்களிடம் சொல்வது இதுதான்: அவர்களிடமிருந்து உருவங்களை எடுக்காமல், கட்டும் முறையை எடுங்கள். முதலில் உடலின் ஓட்டத்துக்கு ஏற்பப் பெரும் பிரிவுகள். பிறகு ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப. கறுப்பை அடர்த்தியாக நிரப்பி, நிரப்பாமல் விட்ட தோலையே கோடாகப் பேசவிடுவது. உருவங்களுக்கு நம் மட்டக்களப்பு வாவி போதும். வாவிக்கரையில் நிற்கும் கண்டல் மரத்தின் தாங்குவேர்களை ஒருநாள் இருந்து பாருங்கள். முதல் தடவை வேரை வேராகவே வரையுங்கள். இரண்டாம் தடவை, தண்டிலிருந்து புறப்பட்டுச் சேற்றில் இறங்கும் இரண்டு வளைவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். மூன்றாம் தடவை அந்த இரண்டு வளைவுகளையும் ஒரு சென்ரிமீற்றர் அகலக் கட்டத்துக்குள் அடக்கி, பக்கத்துக் கட்டத்தில் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். இப்போது வேர்களுக்கு இடையிலுள்ள தண்ணீரைக் கறுப்பாக்கினால், வெறுந்தோல் வேராகி எழுந்து நிற்கும். பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்களில் உள்ள முக்கோணங்களையும், மருதமுனைக் கைத்தறியின் கரையையும், வலைக்கண்ணையும் இதே வழியில் சுருக்கலாம். முதலையின் முதுகுச் செதில்களை நான் இன்னும் சரியாகச் சுருக்கி முடிக்கவில்லை. அது எப்போதும் அன்னாசிப்பழமாகவே வந்து நிற்கிறது.

கேள்வி (வாழைச்சேனை வாசகர்): கோடுகளுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

பதில்: என் அம்மம்மாவின் முன்கையில், அவர் சிறுமியாக இருந்தபோது குறத்தி ஒருத்தி குத்திய கோலம் ஒன்று இருந்தது. நான் பார்த்த காலத்தில், கோடுகள் ஒன்றையொன்று வெட்டிய நடுப்பகுதி பாசி படிந்தது போலப் பச்சையாகக் கலங்கிப் போயிருந்தது. தனித்து விலகி நின்ற ஓரப் புள்ளிகள் மட்டும் எண்ணக்கூடியவையாக இருந்தன. இடைவெளி பற்றி நான் கற்ற பாடம் அந்தக் கையிலிருந்தே வந்தது. மேல்தோலுக்கு அடியிலுள்ள படையில் மைத்துணிக்கைகளை உடலின் கலங்கள் விழுங்கிப் பிடித்து வைத்திருந்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அவை சிறிது சிறிதாகப் பரவவே செய்யும். நான் இரண்டு மில்லிமீற்றருக்குக் குறைவாக இடைவெளி விடுவதில்லை. வரைந்த தாளைச் சுவரில் ஒட்டி, நாலைந்து எட்டுத் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அப்போது ஒட்டிக்கொண்டு தெரியும் இடங்கள் தோலிலும் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி (சம்மாந்துறை வாசகி): பச்சை குத்துவது எங்கள் மார்க்கத்தில் இல்லை. பெருநாளுக்கு மருதோன்றியால் இந்த வகைக் கோலங்களைப் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம். பல்லி, மனித உருவம் ஆகியவற்றை விட்டுவிட்டாலும் முக்கோணம், அலை, பின்னல் என்று வேண்டிய அளவு மிஞ்சும். அடர்ந்த கறுப்பு நிரப்பலை மட்டும் அப்படியே கொண்டுவர முடியாது. பெரிய பரப்பைக் கோனால் நிரப்பினால் பசை காய்ந்து வெடித்து, நிறம் திட்டுத் திட்டாக ஏறும். அந்த இடங்களை நெருக்கமான இணைகோடுகளால் நிரப்புங்கள். பசையை எடுத்தவுடன் தெரியும் செம்மஞ்சள் நிறம் இரண்டு நாட்களில் கடும் பழுப்பாக மாறும் என்பதால், பெருநாளுக்கு இரண்டு இரவுகள் முன்பாகவே போடுவது நல்லது.

கறுப்பு வேண்டும் என்பதற்காகக் 'கறுப்பு மெஹந்தி' வாங்காதீர்கள். மருதோன்றி இலைக்குக் கறுப்பு நிறம் கிடையாது. அந்தக் கறுப்பு பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் பீபீடி என்ற இரசாயனத்திலிருந்து வருகிறது; அது கோலத்தின் வடிவத்திலேயே கொப்புளங்களை எழுப்பித் தழும்பாக்கக்கூடும் என்பதோடு, அந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் தொடரவும் கூடும்.

கேள்வி (களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய்): சாதாரண தரம் படிக்கும் மகன் கொப்பி முழுவதும் இந்தக் கோலங்களையே வரைகிறான். கூட்டாளி ஒருவர் வீட்டில் செய்த இயந்திரத்தால் குத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறாராம். வரைவதையே நிறுத்தச் சொல்லவா?

பதில்: வீட்டு இயந்திரத்துக்கு உறுதியாக இல்லை என்று சொல்லுங்கள், அம்மா. ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தினால் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி ஆகியவையும் எச்.ஐ.வி.யும் தொற்றலாம், ஊசியை நெருப்பில் காட்டுவதும் வெந்நீரில் கழுவுவதும் போதாது. மேலும், வளரும் வயதில் கையோடு சேர்ந்து கோலமும் இழுபடும்.

வரைவதை நிறுத்த வேண்டாம். கோடு போடாத கொப்பி ஒன்றும் 2பி பென்சில் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். அத்துடன் வீட்டில் உள்ள பித்தளைச் செம்பை அவனிடம் கொடுத்து, அதன் கழுத்துக்குக் கீழே, இரு முனைகளும் பிசகாமல் சந்திக்கும்படி ஒரு பட்டியை வரைந்து காட்டச் சொல்லுங்கள். மேலே ஆரையம்பதித் தம்பிக்குச் சொன்ன கணக்கு அதற்கும் ஓரளவு பொருந்தும். செம்பு உருண்டையானது என்பதால் பட்டி மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் அகலமாக இருக்க வேண்டாம். வெள்ளைப்பலகைப் பேனாவால் வரைந்தால் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் தொடங்கலாம்.